ஊறாத ஊறுகாய்

குற்றாலத்தில் 'சீசன்' என்றால் அருவியில் தண்ணீர் என்று அர்த்தம். ஆனியில் சாரல் விழுந்தால் சீசன் வந்துவிட்டது. மலைமேல் மழை பொய்த்துவிட்டால் "இந்த வருஷம் சீசனே இல்லை" என்கிறார் தென்காசிக் கடைக்காரர். பருவமே வராத வருஷம் இங்கிலீஷ்காரனுக்குப் புரியாது. ஆனாலும் யாரும் இதைத் திருத்த வருவதில்லை.

மொரீஷியஸின் கிரியோல் மொழிக்கு இந்தச் சலுகை கிடைக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டில், பிரெஞ்சு எஜமானர்களுக்கும் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகளுக்கும் இடையே உருவான மொழி அது. பிரெஞ்சில் 'கோந்தான்' என்பது திருப்தியுற்ற மனநிலை. கிரியோலில் அதுவே வினையாகிவிட்டது: 'மோ கோந்தான் த்வா' – நான் உன்னை நேசிக்கிறேன். தன் நிறைவைச் சொன்ன வார்த்தை இன்னொருவரை நாடும் வார்த்தையாகிறது. பிரெஞ்சு படித்தவர்கள் நெடுங்காலம் இந்த மொழியைக் கொச்சை என்றார்கள். இந்தத் தீர்ப்புக்குள் ஒரு சொத்துரிமை ஒளிந்திருக்கிறது: வார்த்தை எங்களுடையது, நீ இரவல் வாங்கியவன், வாங்கியபடியே வைத்துக்கொள்.

இதுவரை நாம் கிரியோலின் பக்கம். நமக்கு நஷ்டம் ஏதுமில்லாததால் இது சுலபம்.

1848இல் ரீயூனியன் தீவில் அடிமைமுறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் பெருமளவில் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர்கள். 'ஆங்காஜே' என்று அவர்களுக்குப் பெயர். பின்னாளில் சார்த்தர், தன்னைத் தானே பொறுப்பில் பிணைத்துக்கொள்ளும் எழுத்தாளனுக்குச் சூட்டியதும் இதே வார்த்தைதான். அந்தத் தீவில் 'ருகாய்' என்றொரு பதார்த்தம் உண்டு. நம் ஊறுகாயே அதன் மூலம் என்பது பரவலான கருத்து. தக்காளி, வெங்காயம், மிளகாய் சேர்த்து அன்றன்றைக்குச் செய்து சாப்பிடுகிறார்கள். அதில் எதுவும் ஊறுவதில்லை.

இதைக் கேட்டதும் "தமிழ் அங்கே சிதைந்துவிட்டது" என்கிறோம், கொஞ்சம் பெருமையோடும் கொஞ்சம் இரக்கத்தோடும். அந்தப் பிரெஞ்சுக்காரனின் குரல்தான் இப்போது நம் தொண்டையிலிருந்து வருகிறது.

மூலத்தை அறிவது ஞாபகம் சார்ந்த காரியம். மூலத்தின் பேரில் உரிமை கொண்டாடுவது அதிகாரம் சார்ந்தது. இரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம். கப்பலேறியவன் அந்த வார்த்தையை நம்மிடம் இரவல் வாங்கிப் போகவில்லை; அது அவனுடையதும்தான். அவன் பேரப்பிள்ளைகள் அதில் எதைச் சமைக்கிறார்களோ அதுவே அங்கே அதன் அர்த்தம்.

சீசனுக்கு அர்த்தம் வைக்க நாம் லண்டனைக் கேட்கவில்லை. ருகாய்க்கு அவர்கள் நம்மைக் கேட்க வேண்டும் என்று எந்த நியாயத்தில் எதிர்பார்க்கிறோம்?