மடிவும் நினைவும்

கற்றல் என்பது சேர்த்தல் மட்டுமே என எண்ணுகிறோம். மூளையின் இயல்பு அவ்வாறன்று.

2007-இல் வெளியான பிரான்சு நாட்டு ஆய்வொன்று இதனைக் காட்டிற்று. நீருள் மறைந்த மேடையைத் தேடக் கற்ற எலிகளின் ஹிப்போகாம்பஸ் எனும் நினைவுப் பகுதியில், புதிதாய்த் தோன்றிய நரம்பணுக்களுள் சில நிலைபெற்றன. சில தம்முள் அமைந்த ஒழுங்கின்படியே மடிந்தன. அம்மடிவை மருந்தால் தடுத்தபோது கற்றலும் நினைவும் குன்றின.

எனில், இதனைத் தியாகம் எனலாமா? ஆகாது. நரம்பணு அறிந்து மடிவதில்லை. அறிந்து விடுவதே துறவு. பகையையும் செருக்கையும் அவ்வாறு விடும் ஆற்றல் நமக்கு உண்டு.

ஆனால் அனைத்தையும் விடலாகாது. இவ்வறிவு கிடைக்கக் காரணமான எலிகள் தம் விருப்பால் ஆய்வுக்கு வந்தவை அல்ல. அவ்வுயிர்களுக்கு நாம் பட்ட கடனை நினைவில் நிறுத்துதலும் கற்றலே அன்றோ?