இவ்வுடல் யாருடைய இல்லம்?

‘இது என் உடல்’ என்று மனிதன் உரிமையோடு கூறுகிறான். நிலமும் வீடும் கைவிட்டுப் போனாலும், உடல் தனக்கு மட்டுமே உரியது என்பது அவனது உறுதியான நம்பிக்கை. ஒரு நுண்ணோக்கி அந்த நம்பிக்கையைக் கலைத்துவிடுகிறது.

முகத்தின் மயிர்க்கால்களிலும் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் எட்டுக் கால்களையுடைய நுண்ணிய உண்ணிகள் வாழ்கின்றன. சிலந்திக்கு உறவான இவற்றின் நீளம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. 1842-இல் பெர்லின் மருத்துவர் குஸ்தாவ் சைமன் இவற்றை விவரித்தார். மறு ஆண்டு ஆங்கிலேய விஞ்ஞானி ரிச்சர்டு ஓவன் ‘டெமோடெக்ஸ்’ என்று பெயரிட்டார். பகலில் மறைந்திருக்கும் இவை இரவில் தோலின் மேற்பரப்புக்கு வந்து இணைகின்றன. சில வாரங்களில் மடிகின்றன. 2014-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சோதிக்கப்பட்ட வயது வந்தோர் அனைவரிடமும் இவற்றின் மரபணுத் தடயம் காணப்பட்டது. பிறக்கும் குழந்தையிடம் இவை இல்லை. தாய் அதனைக் கன்னத்தோடு கன்னம் சேர்த்து அணைக்கும்போது புதிய இல்லம் புகுகின்றன. பெரும்பாலோருக்கு இவற்றால் எத்தீங்கும் இல்லை.

படுக்கையில் வாழும் தூசி உண்ணிகளின் கதை வேறு. மனிதத் தோலிலிருந்து உதிரும் செதில்களே அவற்றின் உணவு. அவற்றின் கழிவு சிலருக்கு ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் தூண்டுகிறது. மூச்சுத் திணறும் தன் குழந்தைக்காக ஒரு தாய் படுக்கை விரிப்புகளைக் கொதிக்கும் நீரில் இடுகிறாள். எண்ணற்ற உயிர்கள் அழிகின்றன. அவள் அகிம்சையிலிருந்து வழுவினாளா?

அகிம்சையை மிக நுணுக்கமாக ஆராய்ந்த மரபு சமணம். சிற்றுயிர்களை மெல்ல விலக்குவதற்கென்றே மென்மையான துடைப்பத்தை ஏந்திச் செல்வோர் சமணத் துறவியர். அச்சமயத்தின் தத்துவார்த்த சூத்திரமோ, இம்சையை இலக்கணப்படுத்துகையில், உயிர் பிரிவதை மட்டும் கூறாமல், அதற்குக் காரணமான மனத்தின் விழிப்பின்மையையும் சேர்த்தே கூறுகிறது. அந்தத் தாயின் மனத்தில் வெறுப்பு இல்லை. குழந்தையின் மூச்சைக் குறித்த கவலையே உள்ளது.

ஆயினும் ‘நல்ல நோக்கம்’ என்பது எதையும் மறைக்கவல்ல திரை. எனவே வேறொரு மனிதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தன் முகத்தில் உயிர்கள் வாழ்கின்றன என்று அறிந்த கணமே அவன் அருவருப்படைகிறான். நோய் ஏதும் இல்லாதபோதும் அவற்றை அடியோடு ஒழிக்க மருந்து தேடுகிறான். தாயும் அவனும் செய்வது புறத்தே ஒரே செயல். தாயைச் செலுத்துவது தேவை; தேவை தீர்ந்ததும் அவள் கை ஓய்ந்துவிடும். அவனைச் செலுத்துவது அருவருப்பு. அருவருப்புக்கு எல்லை இல்லை. இன்று உண்ணியிடம் தோன்றும் அதே உணர்ச்சிதான் நாளை நோயாளியிடமும் ஏழையிடமும் தோன்றி, அவர்களை விலக்கி வைக்கத் தூண்டுகிறது.

கண்ணிமைகளில் இந்த உண்ணிகள் பெருகி அழற்சி உண்டானால் மருத்துவம் செய்துகொள்வது தவறன்று. தேவை எங்கே முடிகிறது, அருவருப்பு எங்கே தொடங்குகிறது என்பதை ஒவ்வொரு முறையும் ஆராய்ந்தறிவதே விழிப்பு. ‘என் உடல்’ என்று சொல்ல வாயெடுப்பவன் இனி ஒரு கணம் தயங்கினால், அத்தயக்கமே அவ்விழிப்பின் தொடக்கமாகும்.