சில்லறைச் சூதும் சூடேறிய கல்பும்

 

கடையைப் பூட்டி, கல்லாக் கணக்கை முடித்து, இஷாவும் தொழுதுவிட்டுப் படுக்கப் போகும் நேரத்தில், கடைப் பிள்ளைகளின் அறையில் விளக்கு அணைந்த பிறகும் சிறு சிறு வெளிச்சங்கள் எரிந்துகொண்டிருப்பதை நாம் காண்கிறோம். கைபேசி வெளிச்சம். சிலர் ஊரிலுள்ள தாயாருடன் பேசுகிறார்கள். சிலர் பயான் கேட்கிறார்கள். சிலரோ போக்கர் என்னும் சீட்டாட்டம் ஆடுகிறார்கள். கேட்டால், “இரண்டு வெள்ளிதான், காக்கா! பொழுதுபோக்கு. ஒரு தே தாரேக் காசு” என்று பதில் வருகிறது. பிள்ளைகள் மட்டுமல்ல, முதலாளிமாரிலும் இந்தப் பதிலைச் சொல்வோர் உண்டு. ஆகவே இம்மாதம் இந்த இரண்டு வெள்ளியைப் பற்றியே சிறிது பேசுவோம்.

நாம் வியாபாரிகள். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

போக்கர் என்பது 52 சீட்டுகளைக் கொண்டு ஆடப்படுவது. ஆடுவோர் பணத்தை நடுவில் குவிக்க, வென்றவர் அதை அள்ளிக்கொள்கிறார். ஆட்டத்தை நடத்துகிறவர் சீட்டைத் தொடுவதில்லை. குவியும் பணத்தில் ஒரு பங்கை மட்டும் தமக்கென எடுத்துக்கொள்கிறார். அது நூற்றுக்கு ஐந்து என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேர் ஆளுக்கு 20 வெள்ளியோடு உட்காருகிறார்கள். மொத்த முதல் 120 வெள்ளி. இரவெல்லாம் சின்னச் சின்னதாக 200 ஆட்டம் நடந்து, ஒவ்வொன்றிலும் 5 வெள்ளி குவிந்தால், சுழன்ற பணம் 1000 வெள்ளி. நடத்துகிறவர் எடுத்தது 50 வெள்ளி. ஆறு பேரிடமும் சேர்த்து மிஞ்சியது 70 வெள்ளி! சரக்கு ஒன்றும் கைமாறவில்லை. முதல் மட்டும் பாதிக்குப் பக்கமாய்க் கரைந்துபோயிற்று. இப்படி ஒரு கூட்டு வியாபாரத்துக்கு நம்மில் யாராவது பங்குப் பணம் போடுவோமா?

நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடினால் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய முப்பது ஆட்டந்தான் நடக்கும். கைபேசியிலோ அதைப்போல் இரண்டு மடங்கும் அதற்கு மேலும் நடக்கும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று மேசைகளில் ஆடுவோரும் இருக்கிறார்கள். ஆகையால் பந்தயம் சிறிது என்று ஏமாறக் கூடாது. துளை சிறிதானாலும் இரவு முழுதும் ஒழுகினால் தொட்டி காலியாகும்.

“இது அதிர்ஷ்ட ஆட்டமல்ல, திறமை ஆட்டம்” என்று சிலர் வாதிக்கிறார்கள். திறமைக்கு அதில் இடமுண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் மார்க்கம் கேட்கும் கேள்வி வேறு. ஒருவன் இழந்தால்தான் மற்றவன் பெறுவான் என்று பணத்தை நடுவில் வைத்தாயா, இல்லையா என்பதே அந்தக் கேள்வி. அரபு நாட்டில் ஜாஹிலிய்யாக் காலத்தில் நடந்த மைஸிர் எப்படிப்பட்டது என்று கிதாபுகளில் காண்கிறோம். ஒட்டகத்தை அறுத்துப் பங்கு வைப்பார்கள். பத்து அம்புகளைக் குலுக்கி எடுப்பார்கள். ஏழுக்குப் பங்கு உண்டு, மூன்றுக்கு ஒன்றுமில்லை. வென்றவர்கள் அந்த இறைச்சியை ஏழைகளுக்குக் கொடுத்துப் பெருமை பேசுவதும் வழக்கமாக இருந்தது. ஏழையின் பசியாற்றிய அந்தச் சூதையே அல்லாஹு தஆலா தடுத்துவிட்டான் என்றால், யாருடைய பசியையும் ஆற்றாத இந்தக் கைபேசிச் சூதுக்கு என்ன சமாதானம் சொல்ல முடியும்?

அதில் மனிதருக்குச் சிறிது பயன் இருந்தாலும் பாவம் பயனைவிடப் பெரிது என்ற கருத்து சூரா அல்-பகராவின் 219ஆம் ஆயத்தில் இருக்கிறது. சூரா அல்-மாயிதாவின் 90, 91ஆம் ஆயத்துகள் அதை அடியோடு விலக்கிவிட்டு, காரணத்தையும் விளக்குகின்றன. அந்தக் காரணத்தைக் கவனியுங்கள்: ஷைத்தான் இதைக்கொண்டு உங்களுக்குள் பகையையும் வெறுப்பையும் மூட்டவும், அல்லாஹ்வின் நினைவைவிட்டும் தொழுகையைவிட்டும் உங்களைத் தடுக்கவும் நாடுகிறான் என்பது அதன் கருத்து. பண நஷ்டத்தை அங்கே காரணமாகக் காட்டவில்லை. கல்பின் நஷ்டத்தையே காட்டியிருக்கிறது. இரண்டு வெள்ளி போனால் போகட்டும் என்று விடலாம். இரண்டு வெள்ளிக்காகக் கொதித்த கல்பும், தவறிப்போன சுப்ஹும் இரண்டு வெள்ளிக்குத் திரும்பக் கிடைக்குமா?

இனி, தொடர்ந்து தோற்கும் இரவைப் பற்றிச் சொல்வோம். இதுதான் இந்த விஷயத்தின் நடு நரம்பு.

ஐந்து தடவை தொடர்ந்து தோற்றவன், “இனி வராமல் எங்கே போகும்? அடுத்தது என்னுடையதுதான்” என்று எண்ணுகிறான். சீட்டுக்கு நினைவு உண்டா? ஒரு காசைச் சுண்டினால் பூவோ தலையோ சரிபாதி வாய்ப்பு. ஐந்து தடவையும் எதிராகவே விழுவது 32இல் ஒரு பங்கு வாய்ப்பு. 200 தடவை சுண்டினால் அப்படிப்பட்ட தொடர் மூன்று போல வரும் என்பது கணக்கு. அது அதிசயமுமல்ல, அநியாயமுமல்ல. 1913ஆம் ஆண்டில் மான்டி கார்லோ சூதாட்ட மாளிகையில் சுழலும் சக்கரத்தில் கறுப்பு நிறமே 26 தடவை தொடர்ந்து விழுந்தது. “இனிச் சிவப்புத்தான்” என்று நம்பி ஒவ்வொரு தடவையும் பந்தயத்தைக் கூட்டியவர்கள் பெரும் பணத்தைக் கோட்டைவிட்டார்கள். சக்கரம் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கவில்லை. சீட்டும் நமக்குக் கடன்பட்டிருக்கவில்லை.

ஆனால் மனம் இந்தக் கணக்கைக் கேட்பதில்லை. கானமன், ட்வெர்ஸ்கி என்னும் இரு அறிஞர்கள் 1979இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பத்து வெள்ளி கிடைத்த மகிழ்ச்சியைவிடப் பத்து வெள்ளி இழந்த வலி மனிதனுக்குப் பெரிதாகத் தெரிகிறது என்றும், நஷ்டத்தில் நிற்பவன் அதைத் துடைப்பதற்காகச் சாதாரணமாகச் செய்யாத துணிச்சலையும் செய்வான் என்றும் விளக்கினார்கள். நம் முன்னோர் இதையே, “விட்டதைப் பிடிக்கப் போய் இருந்ததையும் விட்டான்” என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள்.

போக்கர் ஆடுவோரிடம் இந்நிலைக்கு ஒரு பெயரே இருக்கிறது. ‘டில்ட்’ என்கிறார்கள். காசு போட்டு விளையாடும் பழைய பந்து இயந்திரத்தை ஆத்திரத்தில் பிடித்து உலுக்கினால், அது ‘டில்ட்’ என்று காட்டிவிட்டு நின்றுவிடும். மனிதனின் புத்தியும் அவ்வாறே ஒருபக்கம் சாய்ந்து நின்றுவிடுகிறது என்பது கருத்து. இதற்கு அவர்களே பரிகாரமும் எழுதி வைத்திருக்கிறார்கள்: இவ்வளவு தோற்றால் எழுந்துவிடு, மூச்சை இழுத்து விடு, கோபத்தோடு ஆடாதே, மறுநாள் கணக்கைப் பார். புத்தியுள்ள பேச்சுத்தான். ஆனால் அதன் நோக்கம் என்ன? ஆறிய மனத்தோடு மறுபடியும் அதே மேசைக்குத் திரும்பி வருவது! காய்ச்சலைத் தணித்துக்கொண்டு, காய்ச்சல் வந்த குட்டைத் தண்ணீரையே மறுபடி குடிப்பது போன்றது இது.

மார்க்கமும் கல்பை ஆறவைக்கிறது. ஆனால் வேறு இடத்துக்கு நம்மை அழைத்துச் செல்ல ஆறவைக்கிறது. கோபம் வந்தவன் நின்றுகொண்டிருந்தால் உட்காரட்டும், அப்போதும் தணியாவிட்டால் படுத்துக்கொள்ளட்டும் என்றும், கோபம் ஷைத்தானின் நெருப்பு, அதைத் தண்ணீரால் அணைக்க ஒளுச் செய்யட்டும் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த ஹதீதுகளை அபூதாவூதில் காண்கிறோம். ஒளுச் செய்தவன் எங்கே போவான்? முஸல்லாவுக்குத்தான் போவான். மேசைக்குத் திரும்ப அவனுக்கு வழியில்லை.

இழப்பு நேர்ந்தால், “இப்படிச் செய்திருந்தால், அப்படிச் செய்திருந்தால்” என்று பேசாதே, அந்தப் பேச்சு ஷைத்தானின் வேலைக்கு வாசலைத் திறந்துவிடும், அல்லாஹ் விதித்தது நடந்தது என்று சொல் என்ற கருத்தில் முஸ்லிம் கிரந்தத்தில் ஹதீது இருக்கிறது. தோற்றவன் படுக்கையில் புரண்டு, “அந்தச் சீட்டை மட்டும் போடாமல் இருந்திருந்தால்!” என்று புலம்புவதை நினைத்துப் பாருங்கள். வாசல் எவ்வளவு அகலத் திறந்து கிடக்கிறது! தவறியதற்காக மனம் உடையாமலும், கிடைத்ததற்காகத் துள்ளாமலும் இருக்கவேண்டும் என்பது சூரா அல்-ஹதீதின் 23ஆம் ஆயத்து தரும் பாடம்.

சகோதரர்களே! சீட்டைத் தொடாத நமக்கும் இதில் பாடம் இருக்கிறது. ஒரு சரக்கின் விலை விழுந்து முதல் போனதும், அந்த நஷ்டத்தை அந்த மாதமே ஈடுகட்டிவிட வேண்டும் என்று கடன் வாங்கி, அதே சரக்கை மேலும் குவிப்பவர் இல்லையா? நாணய மாற்றுக் கடையில் காலையில் விட்டதை மாலைக்குள் பிடிப்பேன் என்று வீறாப்போடு கூடுதலாக வாங்கி வைப்பவர் இல்லையா? கையில் சீட்டு இல்லை. ஆனால் கல்பு அந்த மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறது. வியாபாரத்தில் நஷ்டம் ஹராமல்ல. வாங்கினவருக்கு அரிசி கிடைத்தது, கடைப் பிள்ளைக்குச் சம்பளம் கிடைத்தது, நமக்கு நஷ்டம் வந்தது, இதில் பழுதில்லை. நஷ்டம் வந்த அன்று பெரிய கொள்முதலுக்குக் கையெழுத்திடாமல், ஓர் இரவு தூங்கி, சுப்ஹு தொழுது, புத்தியுள்ள ஒருவரிடம் மஷ்வரா செய்து முடிவெடுப்பதே வியாபாரியின் சபுர்.

சட்டத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். சிங்கப்பூரில் 2022ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, அனுமதி பெறாத தளங்களில் ஆடுகிறவருக்கே 10,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். வீட்டில் நண்பர்கள் கூடி ஆடுவதற்குள்ள விலக்கு இணையத்துக்குக் கிடையாது. மலேசியக் கூட்டரசுப் பிரதேசங்களில் 1997ஆம் ஆண்டின் ஷரீஅத் குற்றச் சட்டத்தின்கீழ் சூதாடும் முஸ்லிமுக்கு 3,000 ரிங்கிட் வரை அபராதமோ, இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. வேலை அனுமதியில் வந்திருக்கும் பிள்ளைகள் இதை இரண்டு தடவை படிக்கட்டும்.

இனி, சிக்கியவர் என்ன செய்யவேண்டும்? முதலாவது, போனது போனதே என்று பேரேட்டில் கோடிழுத்துவிட வேண்டும். அதைத் திரும்பப் பிடிக்கும் எண்ணமே மீண்டும் மேசைக்கு இழுக்கும் கயிறு. இரண்டாவது, கணக்கை மூடி, கைபேசியிலிருந்து ஆட்டத்தை அழித்து, பணம் போகும் வழியை அடைக்க வேண்டும். சம்பளத்தைச் சில மாதம் நம்பிக்கையானவர் கையில் கொடுத்து வைப்பதில் வெட்கமில்லை. மூன்றாவது, கடன்களை ஒளிக்காமல் ஒரு தாளில் எழுத வேண்டும். நான்காவது, வென்ற பணம் கையில் இருந்தால், அது நம் பணமல்ல. உடையவரிடம் சேர்க்க வழியில்லையானால், நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடவேண்டும் என்பது ஆலிம்கள் சொல்லும் வழி. ஐந்தாவது, தவ்பா. சூதாட வா என்று தோழனை வாயால் அழைத்தவன்கூட சதக்காக் கொடுக்கட்டும் என்பது நபிமொழி. “நண்பனை அழைத்து வா, உனக்கு இனாம்” என்று அந்தத் தளங்கள் ஆசை காட்டும்போது இதை நினைவில் வைப்போம்.

விட முயன்றும் முடியாதவர் உண்டு. விட்டதைப் பிடிக்கத் திரும்பத் திரும்ப வருவதை, நோயின் அடையாளங்களில் ஒன்றாகவே அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு கணக்கிடுகிறது. போதைப் பழக்கங்களோடு சேர்த்தே சூதையும் வைத்திருக்கிறது. நோயாளி மருத்துவரிடம் போவது தவக்கலுக்கு மாறானதல்ல. சிங்கப்பூரில் 1800-6-668-668 என்ற எண்ணில் தேசியப் பிரச்சினைச் சூதாட்ட மன்றத்தின் உதவி கிடைக்கும்.

முதலாளிமாருக்கு ஒரு வார்த்தை. கடைப் பிள்ளை இதில் விழுந்தது தெரிந்தால், பத்துப் பேர் முன்னால் வைத்து ஏசாதீர்கள். மானம் போனவன் இன்னும் ஆழமான இருட்டைத்தான் தேடுவான். தனியே அழைத்து, “தம்பி, எவ்வளவு கடன்?” என்று கேளுங்கள். சிரமப்படும் கடனாளிக்குத் தவணை கொடுப்பதைத் திருமறை வலியுறுத்துகிறது. சம்பளத்தில் சிறுகச் சிறுகக் கழித்து, ஊருக்குப் போகும் பணம் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தை நம்பி அங்கே ஓர் உம்மாவின் மருந்துச் சீட்டு காத்திருக்கிறது. கடையடைத்தபின் அந்தப் பிள்ளைகள் தனிமையில் வாடாமல் இருக்க, கூடியிருந்து உண்ணவும் பேசவும் ஓர் இடம் கொடுங்கள். வெறுமையான மனத்தில்தான் இப்லீஸ் கடை விரிக்கிறான்.

பினாங்கில் 1801இல் கபித்தான் கிளிங் பள்ளிவாசலையும், சிங்கப்பூரில் 1826இல் ஜாமிஆ சூலியாப் பள்ளிவாசலையும் தொடங்கியவர்கள் நம்மைப்போலக் கடல் தாண்டி வந்த மக்களே. அவர்களும் நஷ்டத்தைக் கண்டிருப்பார்கள். ஆனாலும் இன்றளவும் நிலைத்து நிற்பது ஹலாலான காசின் பரக்கத்துத்தான்.

யா அல்லாஹ்! எங்கள் ரிஸ்கை ஹலாலாக்குவாயாக! இழந்தபோது சபுரையும், பெற்றபோது ஷுக்ரையும் எங்களுக்குத் தருவாயாக! எங்கள் பிள்ளைகளின் இரவுகளைப் பாதுகாப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன். வஸ்ஸலாம்.