உறங்கும் தெருவும் உறுமும் வாகனமும்



அல்லாஹு தஆலா தன்னுடைய நிஃமத்துகளை எண்ணிக் காட்டும்போது வாகனத்தையும் விடாமல் குறிப்பிட்டிருக்கின்றான். ஸூரத்துந் நஹ்லில் குதிரையையும் கோவேறு கழுதையையும் கழுதையையும் சொல்லிவிட்டு, அவை நீங்கள் ஏறிச் செல்வதற்கும் அலங்காரத்திற்கும் என்று கூறுகின்றான். நீங்கள் அறியாதவற்றையும் அவன் படைப்பான் என்றும் சேர்த்துச் சொல்கின்றான். பிற்கால முஃபஸ்ஸிர்கள் பலர் இந்தக் கடைசிச் சொல்லில் ரயிலையும் மோட்டாரையும் ஆகாய விமானத்தையும் கண்டார்கள்.

ஆகவே ஒரு வாலிபன் தன் மோட்டார் சைக்கிளைத் துடைத்துப் பளபளவென்று வைத்துக்கொண்டு மகிழ்வது குற்றமன்று. ‘அலங்காரம்’ என்ற சொல்லை நாமாகச் சேர்க்கவில்லை, ரப்பே சேர்த்திருக்கின்றான். நண்பர்கள் கூடிப் பயணம் போவதும் குற்றமன்று. பந்தயம்கூட மார்க்கத்தில் அறவே தடுக்கப்பட்டதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியிருக்கின்றார்கள். பயிற்சி கொடுக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யா என்ற இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதாஃ வரை ஓட்டம். அது 5 அல்லது 6 மைல் என்று புகாரியில் வருகின்றது. பயிற்சி பெறாதவற்றிற்குச் சுமார் ஒரு மைல். ஓடியவர்களில் இப்னு உமர் (ரலி) அவர்களும் ஒருவர். எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது, எந்தக் குதிரை எந்த வகுப்பு என்பதெல்லாம் வரையறுக்கப்பட்டிருந்தன.

ஆலிம்கள் எதற்கெடுத்தாலும் ஹராம் என்பார்கள் என்று நம் இளைஞர்களிடையே ஒரு பேச்சு இருக்கின்றது. ஆகுமானதை ஆகும் என்று சொல்லாமல் ஆகாததைப் பற்றி மட்டும் பேசினால், கேட்கிறவன் காதை மூடிக்கொள்வான். அதனால்தான் இதை முதலில் சொன்னேன்.

இனி நம் ஊர்களில் நடப்பதைப் பார்ப்போம். பராஅத் இரவில் இஷா முடிந்து யாஸீன் ஓதி, துஆவும் முடிந்து பள்ளிவாசல் வாசலுக்கு வந்தால் அங்கே பத்துப் பதினைந்து வண்டிகள் நிற்கின்றன. வண்டியோடு வந்த சைலன்ஸரைக் கழற்றி எறிந்துவிட்டு, சப்தத்திற்கென்றே விற்கப்படும் குழாயை மாட்டியிருக்கின்றார்கள். ஒரு வண்டிக்கு மூன்று பேர். வெடிச் சப்தத்தோடு வரிசை புறப்பட்டால் ஊரின் கடைசித் தெருவரை அதிர்கின்றது. ரமளான் பிற்பகுதியில், ஸஹர் சாப்பிடப் போகிறோம் என்று சொல்லி ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இதே கூத்து. பெருநாள் இரவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

நம் ஊரில் மட்டும் இப்படி என்று எண்ண வேண்டாம். டில்லியில் ஷபே பராஅத் வந்தால், வண்டியில் வித்தை காட்ட வேண்டாம் என்று போலீஸார் முன்கூட்டியே எச்சரிக்கை விடுக்கிறார்கள். ஹைதராபாத்தில் அந்த இரவில் மேம்பாலங்களையே மூடி வைக்கிறார்கள். பாவமன்னிப்புத் தேடும் இரவு என்று நாம் சொல்லிக்கொள்ளும் இரவுக்காக ஒரு மாநகரம் தன் பாலங்களைப் பூட்டிக்கொள்ள வேண்டியிருக்கின்றதே! பிற சமயத்துச் சகோதரர் ஒருவர் இதற்குக் காரணம் கேட்டால் நாம் என்ன பதில் சொல்வோம்?

சென்ற ரமளானில் தராவீஹ் முடிந்த பின் ஓர் இளைஞர் என்னிடம் நேராகவே கேட்டார்: “ஹஜ்ரத், நாங்கள் குடிப்பதில்லை, பாட்டுப் போடுவதில்லை, யாரையும் இடித்ததில்லை. வெறும் சத்தம்தானே? சத்தத்தில் என்ன ஹராம் இருக்கிறது?”

நல்ல கேள்வி. சிரித்துக் கடந்துவிடாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. “தம்பி, அம்போடு பள்ளிவாசலுக்கு வருகிறவனுக்கு என்ன சட்டம் என்று உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன். தெரியாது என்றார்.

அபூ மூஸா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் அது. நம்முடைய பள்ளிவாசல்களிலோ கடைவீதிகளிலோ அம்பு வைத்துக்கொண்டு போகிறவர், முஸ்லிம்களில் எவரையும் அது கீறிவிடாதபடி அதன் முனையைக் கையால் பொத்திக்கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். கவனியுங்கள். அம்பு ஹராமான பொருளன்று. ஜிஹாதுக்கு வேண்டிய கருவி. கொண்டு போகிறவரும் யாரையும் குத்த நினைக்கவில்லை. ஒருவரையும் குத்தாமலே அவர் வீடு போய்ச் சேரலாம். அப்படியிருந்தும் கை முனைமேல் இருக்க வேண்டும். ஜனங்கள் நடமாடும் இடத்தில் போகும்போது, பிறரைத் தீண்டக்கூடிய கூர்மையை மூடிக்கொள்வது போகிறவர் மீது கடமையாகின்றது.

மோட்டார் சைக்கிளில் அந்தக் கைதான் சைலன்ஸர். எஞ்சினுக்குள் நடப்பது வெடிப்பு. ஒற்றை சிலிண்டர் உள்ள நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் எஞ்சின் நிமிஷத்திற்கு 4,000 சுற்றுச் சுற்றினால் அதில் 2,000 வெடிப்பு நிகழ்கின்றது. கணக்குப் பார்த்தால் விநாடிக்கு முப்பதுக்கும் மேல். ஒவ்வொரு வெடிப்பின் புகையும் அலையாக வெளியே பாய்கின்றது. சைலன்ஸருக்குள் இருக்கும் அறைகளிலும் தடுப்புத் தகடுகளிலும் துளையிட்ட குழாய்களிலும் அந்த அலைகள் மோதித் திரும்பி, ஒன்றையொன்று அடக்கிக்கொண்டு, தணிந்து வெளிவருகின்றன. வண்டியைச் செய்தவன் அம்பின் முனையைப் பொத்தித்தான் கொடுத்திருக்கின்றான். காசு கொடுத்து அந்தக் கையை எடுத்துவிடுகிறவன் நம் பிள்ளை.

கூட்டமாகப் போகும்போது இது இன்னும் பெருகுகின்றது. சப்தத்தை அளக்கும் டெசிபல் கணக்கில், ஒரே அளவு சப்தமுள்ள பத்து வண்டிகள் சேர்ந்தால் அளவு 10 ஏறும். சப்தத்தின் சக்தி பத்து மடங்காகும். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் எல்லை என்று நம் நாட்டில் 2000ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. பகலுக்கு 55.

வீட்டுக்குள் நுழைவதற்கு அனுமதி கேட்க வேண்டும் என்பது ஸூரத்துந் நூரின் கட்டளை. வாசலில் நின்று ஸலாம் சொல்ல வேண்டும். உள்ளேயிருந்து பதில் வராவிட்டால் திரும்பிப் போக வேண்டும். கால் நுழைவதற்கே இத்தனை ஒழுங்கு. சப்தமோ வாசலில் நிற்பதில்லை. மூடிய கதவையும் இழுத்துவிட்ட திரையையும் தாண்டி, படுக்கையறைக்கும் இத்தா இருக்கும் பெண்ணின் அறைக்கும் போய்விடுகின்றது. நம் கடற்கரையூர்களின் முடுக்குச் சந்துகளில், இரண்டு பக்கமும் சுவர் நெருங்கியிருப்பதால், ஒரு வண்டியின் சப்தம் நான்காகக் கேட்கின்றது. அங்கே உள்ளே யார் யார் இருக்கிறார்கள்? மாத்திரை போட்டுக்கொண்டு அரைமணி நேரம் முன்புதான் கண்ணயர்ந்த இருதய நோயாளி இருக்கலாம். பத்து நாள் முன்பு பிரசவித்த தாய் இருக்கலாம். காலை ஐந்து மணிக்கு வேலைக்குப் புறப்பட வேண்டிய ஹிந்துச் சகோதரர் இருக்கலாம்; அவருக்கும் அண்டை வீட்டார் உரிமை உண்டு. அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுத்தபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தனுப்பினீர்களா என்றுதான் கேட்டார்கள்.

நாயகம் (ஸல்) அவர்கள் இரவில் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதை மிக்தாத் (ரலி) அவர்கள் சொல்கின்றார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கின்றது. இரவில் அவர்கள் வந்து ஸலாம் சொன்னால், விழித்திருப்பவருக்குக் கேட்கும், உறங்குபவரை எழுப்பாது. ஸலாம் என்பது துஆ. அதை மொழிபவர் அல்லாஹ்வின் ரஸூல். அந்தத் திருவாயிலிருந்து வரும் ஸலாமால்கூட ஒருவருடைய உறக்கம் கலையக்கூடாது என்று குரலை அளந்திருக்கின்றார்கள். நம் பிள்ளை எதைக் கேட்பிப்பதற்காக ஒரு தெருவையே எழுப்புகின்றான்?

இன்னொரு சம்பவம். ஸஹாபாக்கள் பயணத்தில் இருந்தபோது ஒருவர் தூங்கிவிட்டார். மற்றவர் விளையாட்டாக அவரிடமிருந்த கயிற்றை எடுக்க, அவர் திடுக்கிட்டு விழித்தார். ஒரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வது முஸ்லிமுக்கு ஆகாது என்று நபி (ஸல்) அவர்கள் அப்போதே சொல்லிவிட்டார்கள். அபூதாவூதில் வரும் செய்தி. ஒரு கயிறு, ஒரு நண்பர், ஒரு விநாடித் திடுக்கம், அதற்கே இப்படி.

கூட்டமாக வாகனத்தில் போவதற்கு நேரடியான முன்மாதிரி வேண்டுமென்றால் ஹஜ்ஜைப் பாருங்கள். அரஃபாவிலிருந்து முஸ்தலிஃபாவுக்குத் திரும்பும் நேரம். பல்லாயிரக்கணக்கான மக்கள், ஒட்டகங்கள், எல்லோருக்கும் முன்னே போக ஆசை. பின்னால் ஒட்டகங்களை அதட்டும் கூச்சலும் அடிக்கும் சப்தமும் கேட்டது. நாயகம் (ஸல்) அவர்கள் சாட்டையால் சைகை காட்டி, அமைதியாக வாருங்கள், விரைந்தோட்டுவதில் நன்மை இல்லை என்று சொன்னார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கின்றார்கள். கஸ்வா ஒட்டகத்தின் தலை சேணத்தில் முட்டும் அளவுக்குக் கடிவாளத்தை இழுத்துப் பிடித்திருந்தார்கள் என்று ஜாபிர் (ரலி) அவர்களின் ஹதீஸில் இருக்கின்றது. அதே பயணத்தில் இடைவெளி கிடைத்த இடத்தில் வேகமாகச் சென்றார்கள் என்றும் உஸாமா (ரலி) சொல்கின்றார்கள். வேகம் தெரியாதவர்கள் அல்லர், இடம் பார்த்தார்கள். ஹஜ்ஜுடைய அமலிலேயே வாகனத்தின் ஆரவாரத்திற்கு நன்மை இல்லை என்றால், பராஅத் இரவில் சாலையைச் சுற்றிவருவதில் எங்கே இருக்கின்றது?

இவ்வளவு சொன்ன பிறகும் அந்த இளைஞர், “சரி ஹஜ்ரத், தப்புத்தான். தவ்பா செய்துவிட்டால் போயிற்று” என்றார். இந்த இடத்தில்தான் எனக்குக் கவலை. வாசகர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும்.

தொழுகையில் குறை வைத்தால் அது நமக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலுள்ளது. அவன் மன்னிக்கப் போதுமானவன். அடியாருடைய ஹக்கு அப்படியன்று. பாதிக்கப்பட்டவர் மன்னிக்க வேண்டும். திட்டினால் திட்டப்பட்டவரிடம் போகலாம். பணம் எடுத்திருந்தால் உடையவரிடம் கொடுக்கலாம். ஓர் இரவில் நாற்பது தெருக்களைச் சுற்றியவன் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பான்? எந்த வீட்டில் எந்தக் குழந்தை வீறிட்டழுதது, எந்த முதியவர் மீதி இரவெல்லாம் உட்கார்ந்தே கழித்தார் என்பது அவனுக்குத் தெரியாது. அவன் வண்டி மூன்று விநாடியில் கடந்துபோய்விட்டது. கடனாளிக்குத் தெரியாமலேயே கடன் ஏறிக்கொண்டிருக்கின்றது.

‘முஃப்லிஸ்’ யார் என்று நபி (ஸல்) அவர்கள் ஸஹாபாக்களிடம் கேட்ட ஹதீஸை நாம் பல பயான்களில் கேட்டிருக்கின்றோம். தொழுகை, நோன்பு, ஜகாத் எல்லாவற்றோடும் மறுமையில் வருகிறவன். ஆனால் ஒருவரைத் திட்டியிருப்பான், ஒருவரை அடித்திருப்பான். அவனுடைய நன்மைகள் அவர்களுக்குப் பங்கிடப்படும். நன்மை தீர்ந்தால் அவர்களுடைய பாவம் இவன்மேல் சுமத்தப்படும். பராஅத் இரவில் நூறு ரக்அத் தொழுதுவிட்டு வண்டியை முறுக்கிக்கொண்டு புறப்படுகிறவன், தொழுததையெல்லாம் தெருத்தெருவாகப் பங்கு வைத்துக்கொண்டு போகின்றானோ என்று அஞ்ச வேண்டியிருக்கின்றது.

தகப்பன்மார்களுக்கு ஒரு வார்த்தை. வண்டி வாங்கப் பணம் கொடுத்தவர் நீங்கள். சைலன்ஸர் மாற்ற எங்கிருந்து பணம் வந்தது என்று கேட்டீர்களா? பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை ஓட்டி அகப்பட்டால், 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி தகப்பனுக்கே மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. ஒலி அளவை மீறினால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். மக்களை இடையூறிலிருந்து காக்கும் சட்டத்திற்குக் கட்டுப்படுவது நம் மீது மார்க்கக் கடமையும் ஆகும்.

பள்ளிவாசல் நிர்வாகிகளும் தப்ப முடியாது. நள்ளிரவு வரை வெளி ஒலிபெருக்கியில் பயானும் பைத்தும் வைத்துவிட்டு, வண்டிச் சப்தத்தைக் கண்டிக்க வாய் வருமா? இஃதிகாஃபில் இருந்த நாயகம் (ஸல்) அவர்கள், குர்ஆன் ஓதுகிறவர்களையே திரையை விலக்கி, ஒருவர் ஓதலால் மற்றவருக்குத் தொல்லை கொடுக்க வேண்டாம் என்று தடுத்தார்கள். பாங்குக்கு வெளி ஒலிபெருக்கி போதும். மற்றதற்கு உள் ஒலிபெருக்கி இருக்கின்றது. ஊருக்கு முன்னே நாம் இதைச் செய்துவிட்டால், இளைஞர்களைக் கூப்பிட்டுப் பேசுவது எளிதாகும். பராஅத்துக்கு ஒரு வாரம் முன்பே ஜும்ஆவில் சொல்லி, அன்றிரவு வண்டிகளைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வரச் செய்யலாம். பயணம் போக ஆசைப்படுகிறவர்கள் ஸுப்ஹு தொழுதுவிட்டு, ஊர் எல்லை தாண்டிக் கூடிப் புறப்படட்டும், யார் தடுக்கிறார்கள்?

தெரியாதவர்களின் ஹக்குக்கு என்ன வழி என்று அந்த இளைஞர் கடைசியில் கேட்டார். தெரிந்தவர்களிடம் நேரில் போய்க் கேட்க வேண்டும். சொந்தத் தெருவில் யார் நோயாளி, எந்த வீட்டில் கைக்குழந்தை என்பது தெரியாமல் இருக்காது. தெரியாதவர்களுக்காக துஆவும் இஸ்திஃபாரும் செய்து, இயன்ற ஸதகாவின் நன்மையை அவர்களுக்கு நாட வேண்டும். மீதியை அல்லாஹ்வின் கருணையில் விட வேண்டும். மறுநாளே பழைய சைலன்ஸரை மாட்டிவிடுவதாகச் சொன்னார். கழற்றிய குழாய் நாலாயிரம் ரூபாய்க்கு வாங்கியதாம், நண்பர் ஒருவர் பாதி விலைக்குக் கேட்கிறாராம், விற்கலாமா என்றார். விற்றால் அது வேறொரு வண்டியில் ஏறி வேறொரு தெருவை எழுப்பும். பாவத்திற்கு உதவக்கூடாது என்று ஸூரத்துல் மாயிதாவில் இருக்கின்றதே என்றேன். பழைய இரும்புக் கடையில் நசுக்கி, எடைக்குப் போடச் சொன்னேன்.