மறைத்து வைத்த ஆயுதமும் பொதுப் பாதுகாப்பும்

உயிருக்கு ஊறு நேரும்போது அதனைத் தடுத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை மனிதனுக்கு உண்டு. அறநூல்களும் சட்டநூல்களும் பெரும்பாலும் இதனை ஒப்புக்கொள்கின்றன. ஒப்புக்கொண்டபின் எழும் கேள்வியே கடினமானது. பாதுகாப்பு என்பது ஒவ்வொருவரும் தத்தம் சட்டைப் பையில் தனித்தனியே சுமந்து செல்லும் உடைமையா? அல்லது ஓர் ஊரின் கிணறுகளுக்கெல்லாம் ஊறும் நிலத்தடி நீரைப் போல, எல்லோரும் சேர்ந்து பேணினாலன்றி எவருக்கும் நிலைக்காத பொதுப் பொருளா? அமெரிக்க ஐக்கிய நாட்டில் இக்கேள்வி வெறும் தத்துவ விசாரமாக நில்லாது, மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் சட்டங்களாக உருக்கொண்டுள்ளது. கைத்துப்பாக்கியை ஆடைக்குள் மறைத்துக்கொண்டு பொது இடங்களில் நடமாட எவருக்கு உரிமையுண்டு என்பதே அச்சட்டங்களின் பொருள். எங்கோ தொலைவிலுள்ள நாட்டின் விவகாரம் என்று நாம் இதனை ஒதுக்கிவிட முடியாது. அங்கே விடை தேடப்படும் கேள்வி மனிதர் கூடி வாழும் இடமெங்கும் உள்ள கேள்வியாகும்.

முதலில் சட்டத்தின் நிலையை நோக்குவோம். 1791ஆம் ஆண்டில் அமெரிக்க அரசியல் யாப்பில் சேர்க்கப்பட்ட இரண்டாவது திருத்தம், ஒழுங்குபடுத்தப்பட்ட குடிப்படையின் தேவையைக் கூறி, ஆயுதம் வைத்திருக்கவும் தாங்கவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படலாகாது என்று விதித்தது. அவ்வுரிமை குடிப்படையைச் சார்ந்ததா, தனிமனிதனைச் சார்ந்ததா என்னும் விவாதம் நெடுங்காலம் நீடித்தது. 2008ஆம் ஆண்டில் ஹெல்லர் வழக்கிலே, ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமும் நிற்க, அது தனிமனித உரிமையே என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கு வீட்டில் வைத்திருக்கும் துப்பாக்கியைப் பற்றியது. வீதிக்கு வரும் துப்பாக்கியைப் பற்றியோ மாநிலங்கள் தத்தம் போக்கிலேயே சட்டம் செய்து வந்தன. வெர்மொன்ட் மாநிலம் அனுமதிப்பத்திரம் எதனையும் ஒருபோதும் கேட்டதில்லை. நியூயோர்க் மாநிலம் 1911ஆம் ஆண்டின் சலிவன் சட்டம் முதலாக, மறைக்கத்தக்க சிறு துப்பாக்கிகளை அனுமதிப்பத்திரமின்றி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. 1987இல் புளோரிடா, குறித்த தகைமைகளை உடைய எவருக்கும் அனுமதி வழங்கியே ஆகவேண்டும் என்று விதித்தது; பல மாநிலங்கள் அவ்வழியைப் பின்பற்றின. 2021இல் டெக்சாஸ் அனுமதிப்பத்திரத்தின் தேவையையே நீக்கியது. 2024இல் லூசியானாவும் தென் கரோலினாவும் சேர்ந்துகொள்ள, இத்தகைய மாநிலங்களின் தொகை 29 ஆயிற்று. இவ்வாறாக, எல்லைக்கோட்டின் ஒருபுறம் உரிமையாக இருப்பது மறுபுறம் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக இருக்கிறது.

2022ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் திகதி வழங்கப்பட்ட புரூவன் தீர்ப்பு இப்போக்கின் உச்சம் எனலாம். நியூயோர்க்கில் அனுமதி கோருபவர் தமக்கு ஏனையோரினும் சிறப்பான தேவையுண்டு என்று காட்டவேண்டியிருந்தது. ஆறு நீதிபதிகள் அந்நிபந்தனை செல்லாது என்றனர். அனுமதிப்பத்திர முறை முற்றாக ஒழிந்துவிடவில்லை. ஆனால் பொது வீதியில் ஆயுதத்துடன் செல்வது குடிமகனின் அடிப்படை உரிமையென நிலைநாட்டப்பட்டது.

இவ்வுரிமை தொன்றுதொட்டு வருவது என்று அதன் ஆதரவாளர் கூறுவர். வரலாறு அவ்வளவு எளிதாக அவர்பக்கம் நிற்கவில்லை. கெண்டக்கியும் லூசியானாவும் 1813ஆம் ஆண்டிலேயே ஆயுதத்தை மறைத்துச் செல்வதைத் தடைசெய்தன. வெளிப்படையாக ஆயுதம் தாங்குதல் ஆண்மை, மறைத்துச் செல்லுதல் வஞ்சகம் என்பதே அக்காலத்துப் பொதுக்கருத்து. அக்கருத்தில் நிலவிய ஆண்மைச் செருக்கை நாம் ஏற்கவேண்டியதில்லை. எனினும் அதனுள் ஓர் அறவுண்மை பொதிந்துள்ளது. வெளியே தெரியும் ஆயுதம் எதிரே வருபவனுக்கு அறிவித்தல் கொடுக்கிறது. அவன் விலகலாம், வாய் அடக்கலாம், வேறு வழியிற் செல்லலாம். மறைத்து வைத்த ஆயுதமோ அந்தத் தேர்வை அவனிடமிருந்து பறித்துவிடுகிறது.

இதற்கு எதிராகக் கூறப்படும் நியாயம் ஒன்றுண்டு. எவரிடம் துப்பாக்கி இருக்கிறது என்று கள்வன் அறியான்; ஆதலின் அவன் எல்லோருக்கும் அஞ்சுவான்; ஆயுதம் இல்லாதவரும் இதனாற் பயன்பெறுவர் என்பதே அது. வாதம் கூரியதுதான். ஆனால் அறியாதிருப்பவன் கள்வன் மட்டுமல்லனே! வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லும் பொலிஸ்காரன் அறியான். கடையில் வரிசை தவறியதற்காகச் சண்டையிடும் இருவரும் ஒருவரையொருவர் அறியார். பக்கத்து வீட்டுக்காரனும் அறியான். எல்லோரும் எல்லோரையும் ஐயுறுவதாற் கிடைக்கும் அமைதி, அச்சத்தைக் குறைக்காது அதனைச் சமமாகப் பங்கிட்டுக் கொடுப்பதேயாகும்.

அந்தப் பங்கீடுகூடச் சமமானதன்று. ஆயுத உரிமையின் வரலாறு அமெரிக்காவின் நிறவெறி வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது. 1857இல் டிரெட் ஸ்கொட் வழக்கிலே, கறுப்பரைக் குடிமக்கள் என ஏற்றால் அவர்கள் செல்லுமிடமெல்லாம் ஆயுதம் தாங்கும் உரிமையும் பெற்றுவிடுவரே என்பதனைப் பிரதம நீதியரசர் டானி தம் மறுப்புக்கான காரணங்களுள் ஒன்றாகக் காட்டினார். 1865இல் மிசிசிப்பி மாநிலம், விடுதலை பெற்ற அடிமைகள் அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருத்தலாகாது என்று சட்டமியற்றியது. 1893இல் புளோரிடா இயற்றிய துப்பாக்கிச் சட்டம் கறுப்பின உழைப்பாளரை நிராயுதபாணிகளாக்குவதற்கே உருவானது, வெள்ளையரைக் கருதியதன்று என்று அம்மாநில மேல் நீதிமன்ற நீதிபதி ஒருவரே 1941இல் எழுதினார். 1956 ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டின்மீது குண்டு வீசப்பட்டது. அதன்பின் அலபாமாவில் ஆயுத அனுமதி கோரி அவர் செய்த விண்ணப்பம் மறுக்கப்பட்டது. 1967இல் கறுஞ்சிறுத்தைகள் இயக்கத்தினர் பொலிஸாரைக் கண்காணிக்கத் துப்பாக்கியுடன் வீதியில் இறங்கியபோது, கலிபோர்னியாவின் ஆளுநராக இருந்த ரொனால்ட் றேகனே குண்டேற்றிய துப்பாக்கியை வெளிப்படையாகத் தாங்கிச் செல்வதைத் தடைசெய்யும் சட்டத்தில் ஒப்பமிட்டார். தேசிய துப்பாக்கிச் சங்கமும் அன்று அச்சட்டத்தை ஆதரித்தது.

சட்டத்தின் எழுத்து மாறியபின்னும் நிலைமை முற்றாக மாறவில்லை. 2016 ஜூலையில் மின்னசோட்டா மாநிலத்தில் பிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பினத்தவரின் காரைப் பொலிஸார் நிறுத்தினர். அவர் ஒரு பாடசாலையின் உணவுக்கூடத்தில் வேலைபார்த்தவர்; ஆயுத அனுமதிப்பத்திரம் உடையவர். தம்மிடம் துப்பாக்கி உண்டு என்று அவர் தாமாகவே கூறினார். சில கணங்களில் அவர் சுடப்பட்டு இறந்தார். காரின் பின்னிருக்கையில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். சுட்ட பொலிஸ்காரர் 2017இல் விடுதலை செய்யப்பட்டார். ஒருவனுக்கு மரியாதையையும் மற்றொருவனுக்கு மரணத்தையும் கொண்டுவருமாயின், அதனை ஒரே உரிமை என்று எவ்வாறு அழைப்பது?

இவ்விடத்தில் நமது அணியிலிருந்தே ஓர் எதிர்ப்பு எழும். அதனைத் தட்டிக்கழித்தல் நேர்மையாகாது. ஒடுக்கப்பட்டோரிடமிருந்து ஆயுதத்தைப் பறித்ததே வரலாறு எனில், அவர்கள் ஆயுதம் ஏந்துவதை முற்போக்காளர் எவ்வாறு குறைகூறலாம்? கும்பற் கொலைகளை எதிர்த்துப் போராடிய ஐடா பி. வெல்ஸ், ஒவ்வொரு கறுப்பர் வீட்டிலும் வின்செஸ்டர் துப்பாக்கிக்கு மதிப்பான இடம் வேண்டும் என்று 1892இல் எழுதினார். 1964இல் லூசியானாவின் ஜோன்ஸ்பரோ என்னும் சிற்றூரில், கறுப்பின உழைப்பாளர் தாமே காவற்குழு அமைத்துக் கு கிளக்ஸ் கிளான் கும்பலிடமிருந்து குடியுரிமை இயக்கத்தினரைக் காத்தனர். புரூவன் வழக்கிலும், நியூயோர்க்கின் ஏழைகளுக்காக வாதாடும் கறுப்பின வழக்கறிஞர் சிலர் மாநிலத்தின் சட்டத்துக்கு எதிராகவே நீதிமன்றத்தில் எழுத்துமூலம் வாதிட்டனர். அச்சட்டத்தினாற் சிறைசெல்வோர் பெரும்பாலும் கறுப்பின, ஸ்பானிய வழி இளைஞரே என்பது அவர்தம் முறையீடு.

அவர்கள் காட்டிய குற்றம் உண்மையானது. அதிகாரியின் தயவைப் பொறுத்து உரிமை வழங்கும் சட்டம் எப்போதும் செல்வாக்குள்ளவனுக்கே சாதகமாகும். ஆனால் அநீதியான கட்டுப்பாட்டுக்கு மாற்று நீதியான கட்டுப்பாடேயன்றிக் கட்டுப்பாடின்மையாகாது. ஜோன்ஸ்பரோவின் காவலர் செய்ததையும், இன்று கடையில் துப்பாக்கி வாங்கி இடுப்பிற் செருகுபவன் செய்வதையும் ஒன்றாகக் கருதுதல் தவறு. அவர்கள் ஓர் இயக்கத்தின் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவர். ஊர் அறியக் காவல் நின்றவர். தம் அயலாரின் உயிருக்குப் பொறுப்பேற்றவர். 1850 மார்ச்சில் மார்க்ஸும் எங்கெல்ஸும் தொழிலாளர் ஆயுதந்தாங்குவதைப் பற்றி எழுதியபோதும், தாமே தெரிந்தெடுத்த தலைவரின்கீழ் அமையும் தொழிலாளர் படையையே கருதினர். தன்னந்தனியனாய் அயலானை ஐயுற்று நடப்பவன் அப்படையின் வாரிசு ஆகமாட்டான். கூட்டு நம்பிக்கை தகர்ந்துபோன இடத்தில் எஞ்சும் தனிமையே அவனது ஆயுதத்தைச் சுமக்கிறது.

அத்தனிமை தானாகத் தோன்றியதன்று. நள்ளிரவில் வேலைமுடிந்து வெறிச்சோடிய வீதியில் வீடுதிரும்பும் தாதி ஒருத்தி தன் கைப்பையில் துப்பாக்கி வைத்திருப்பாளாயின், அவளைப் பழிப்பது நம் நோக்கமன்று. அவளுடைய அச்சம் நியாயமானது. விளக்கு இல்லாத வீதிக்கும், நேரத்துக்கு வராத பஸ்ஸுக்கும், வேலையற்று அலையும் இளைஞருக்கும் யார் பொறுப்பு என்று கேட்பதே நமது கடமை. பாதுகாப்பு ஆணை பெற்றிருந்த ஒரு தாயின் முறைப்பாட்டைப் பொலிஸார் பொருட்படுத்தாமையால் அவளுடைய மூன்று பெண்பிள்ளைகள் கொல்லப்பட்டனர். அந்த ஆணையைப் பொலிஸார் நிறைவேற்றியே ஆகவேண்டும் என்று கோர யாப்பின்படி அவளுக்கு உரிமையில்லை என்று 2005இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. அதே 2005இல், துப்பாக்கியாற் பாதிக்கப்பட்டோர் தொடுக்கும் பெரும்பாலான வழக்குகளிலிருந்து அதனை உற்பத்தி செய்வோரையும் விற்போரையும் காக்கும் சட்டத்தைக் காங்கிரஸ் சபை இயற்றியது. குடிமகளைக் காக்கும் கடமையிலிருந்து அரசு விலகுகிறது. விற்பவனைக் காக்க முன்வருகிறது. பொதுப் பொருளாக இருந்த பாதுகாப்பு இவ்வாறே விலைப்பொருளாகிறது. விலைப்பொருளானதும், அச்சம் வளர வளர விற்பனையும் வளர்கிறது.

வாங்கியவருக்குக் கிடைத்ததுதான் என்ன? 2021ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். அவருள் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர். அந்நியனுக்கு அஞ்சி வாங்கும் துப்பாக்கி, ஒரு கெட்ட இரவிலே வாங்கியவனின் கைக்கே எட்டுகிறது. கடன், நோய், வேலையிழப்பு ஆகியவற்றுக்கு அதனிடம் வேறு விடையில்லை.

ஆசிரியர்களும் மாணவர்களும் சிறப்பாகச் சிந்திக்கவேண்டியது இன்னொன்றுண்டு. 2022 மே 24ஆம் திகதி டெக்சாஸின் யுவால்டி நகரப் பாடசாலையில் 19 சிறுவரும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டனர். அங்கே திரண்ட காவற்றுறையினர் 376 பேர். கொலையாளியின் அறைக்குள் அவர்கள் நுழைய 77 நிமிடங்கள் சென்றன. இதன்பின் சில மாநிலங்கள் கண்ட பரிகாரம், ஆசிரியரிடமே துப்பாக்கியைக் கொடுப்பது. ஒஹாயோவில் அதற்கு முன்னர் 700 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயிற்சி தேவைப்பட்டது. 2022 ஜூனில் இயற்றிய சட்டம் 24 மணி நேரத்துக்கு மேற்படாத பயிற்சி போதும் என்றது. 2024இல் டென்னசி மாநிலமும் ஆசிரியர் துப்பாக்கியை மறைத்து வைத்திருக்க இடமளித்தது. எவர் வைத்திருக்கிறார் என்று பெற்றோருக்கு அறிவிக்கப்படாது. பயிற்சிபெற்ற 376 பேரால் இயலாததை ஓர் ஆசிரியையிடம் ஒப்படைப்பதிலுள்ள நியாயம் ஒருபுறமிருக்க, அவளுடைய தொழிலின் தன்மையை எண்ணிப் பார்ப்போம். மாணவனிடம் மறைக்க எதுவுமின்றி அவன்முன் நிற்பதே ஆசிரியத்தின் அடிப்படை. அவன் பிழைவிடலாம், முரண்டுபிடிக்கலாம், கோபிக்கலாம். அதனால் அவனுக்கு உயிராபத்து இல்லை என்ற உறுதியின்மீதே வகுப்பறை நடைபெறுகிறது. அவ்வறையின் மேசை இழுப்பறைக்குள் துப்பாக்கி இருக்கலாம் என்னும் ஐயம் நுழையும்போது, கல்வி இருந்த இடத்திலே காவல் வந்து அமர்ந்துவிடுகிறது.

பின்னணிச் சோதனை, பயிற்சி, எவருக்கும் ஒரே அளவுகோலில் வழங்கும் அனுமதி, தம் துணையையும் பிள்ளைகளையும் அச்சுறுத்துவோரிடமிருந்து ஆயுதத்தை அகற்றுதல் ஆகியவை தேவையான சீர்திருத்தங்களே. குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையாணைக்கு உட்பட்டவரிடம் ஆயுதம் இருத்தலாகாது என்பதை 2024இல் ரஹிமி வழக்கிலே அதே உயர் நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையால் ஏற்றுக்கொண்டது. இவற்றுக்காகப் போராடுவோரை நாம் ஆதரிக்கவேண்டும். ஆனால் அனுமதிப்பத்திரம் எவ்வளவு கடுமையானதாயினும், அச்சத்தின் வேரை அது தொடாது. வேலை, வீடு, வைத்தியம், வெளிச்சமுள்ள வீதி, நிறம் பாராத நீதிமன்றம் ஆகியவையே அவ்வேரைத் தொடுவன. அவை தனிமனிதன் கடையில் வாங்கக்கூடியவையல்ல. மக்கள் கூடி நின்று பெறவேண்டியவை.

ஒரு சமுதாயத்தின் பாதுகாப்பை அளக்க, அங்கே எத்தனை பேர் ஆயுதம் தாங்குகின்றனர் என்று எண்ணத் தேவையில்லை. அதன் மிக எளிய மனிதன், வெறுங்கையோடு, இரவு வேளையிலே, தன் வீட்டுக்கு அச்சமின்றி நடந்துசெல்ல முடிகிறதா என்று கேட்டாற் போதும்.