கைம்மாறு கருதாதவருக்கு நாம் பட்ட கடன்

பலனை எதிர்பாராமல் பணி செய்பவர் உயர்ந்தவர் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அப்பணியின் பலனைத் துய்ப்பவருக்குக் கடமை ஏதேனும் உண்டா? இக்கேள்வியை நாம் அதிகம் எழுப்புவதில்லை.

கணிப்பொறி உலகில் கட்டற்ற மென்பொருள் என்றொரு வகை உண்டு. அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். இவற்றுள் பல தன்னார்வத் தொண்டர்களின் உழைப்பால் வளர்ந்தவை.

ஜெர்மனியைச் சேர்ந்த வெர்னர் கோக், மின்னஞ்சலைப் பிறர் படிக்க இயலாதவாறு மறைத்து அனுப்ப உதவும் 'ஜி.பி.ஜி.' என்ற மென்பொருளை 1997-ஆம் ஆண்டு உருவாக்கத் தொடங்கினார். உலகெங்கும் பத்திரிகையாளர்கள் அதனைப் பயன்படுத்தினர். அவரோ ஏறத்தாழத் தனியொருவராகவே அதனைப் பேணி வந்தார். 2001 முதல் அவர் ஈட்டியது ஆண்டுக்குச் சராசரியாக 25,000 டாலர்தான். 2013-இன் தொடக்கத்தில் பணியை விட்டுவிடவும் எண்ணினார். 2015 பிப்ரவரியில் ஒரு செய்திக் கட்டுரை அவரது நிலையை எடுத்துரைத்தது. அன்றே, அவர் வேண்டியிருந்த தொகைக்கும் மேலாக நன்கொடை குவிந்தது.

கொடுக்கும் மனம் உலகில் இல்லாமல் இல்லை. எண்ணிப் பார்க்கும் வழக்கமே இல்லாதிருந்தது.

அந்த எண்ணாமை பிறரையும் பாதிக்கும். வலைத்தளங்களின் பரிமாற்றங்களைக் காக்கும் 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' மென்பொருளில் 'ஹார்ட்பிளீட்' என்னும் பிழை 2014 ஏப்ரலில் வெளிப்பட்டது. ஈராண்டுகள் அது எவர் கண்ணிலும் படவில்லை. பெருநிறுவனங்கள் பலவும் நம்பியிருந்த அம்மென்பொருளுக்கு ஆண்டுதோறும் கிடைத்த நன்கொடை சுமார் 2,000 டாலர். முழுநேரம் உழைத்தவர் ஒருவரே. பிழை எவருக்கும் நேரும். அதனைக் கண்டு திருத்தப் போதிய கண்கள் அங்கு இல்லை.

"ஊதியம் பெற்றால் தொண்டின் தூய்மை கெடாதா?" என்று சிலர் வினவலாம். தூய்மை நோக்கத்தில் உள்ளது, பசியில் இல்லை. தொண்டருக்கு உணவளிப்பது தொண்டினை விலைக்கு வாங்குவதாகாது. அத்தொண்டு தொடர வழி செய்வதேயாகும். பணம் தருபவர் அதனைக் கொண்டு பணியைத் தம் விருப்பத்திற்கு வளைக்க முயன்றால்தான் தூய்மைக்குக் கேடு வரும். பலனை விரும்பாமை கொடுப்பவரின் அறம். அதனை நம் உரிமையாகக் கொள்வது அறமன்று. நமக்குரிய அறம் நன்றியறிதல்.

ஊர்ப் பொதுக் கிணற்றில் அனைவரும் நீர் இறைக்கிறோம். தூர் வாரும் நாளில் ஒருவரை மட்டும் உள்ளே இறக்கிவிட்டு, அவரது தியாகத்தைக் கரையில் நின்று புகழ்வது முறையாகுமா?

பொருள் உள்ளவர் பொருள் தரலாம். அறிவுள்ளவர் பிழை கண்டு திருத்தலாம். மொழி வல்லவர் விளக்கவுரை எழுதலாம். இவற்றுள் ஒன்றும் இயலாதவர், இலவசமாகப் பெற்றதன் குறைகளைக் கடுஞ்சொல்லால் இடித்துரைக்காமலாவது இருக்கலாம். இன்று நம் கைக்கு விலையின்றி வந்தவை எவை, அவற்றின் பின்னே விழித்திருந்தவர் எவர் என்று ஒரு கணம் சிந்திப்போம். நன்றியறிதல் அங்கே தொடங்கட்டும். செயலில் நிறைவு பெறட்டும்.