யார் நெய்த பட்டு?

1983 டிசம்பரில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியம் அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தது. பாரிஸின் ஆடை வடிவமைப்பாளர் இவ் சாங் லோரானின் 25 ஆண்டுப் பணியை, அவர் உயிரோடு இருக்கும்போதே, அவர் ஒருவருக்காகவே காட்சிக்கு வைத்தது. சிலையும் ஓவியமும் இருக்கும் இடத்தில் கடையில் விற்கும் கவுனுக்கு என்ன வேலை என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. இன்று அப்படி யாரும் கேட்பதில்லை. அலெக்சாண்டர் மெக்வீன் இறந்த மறு ஆண்டு, 2011இல், அதே மியூசியத்தில் நடந்த அவருடைய கண்காட்சியை 6.6 லட்சம் பேர் பார்த்தார்கள். தைத்த துணியும் கலைதான், அதற்கும் ஒரு கர்த்தா உண்டு, அவர் பெயரைச் சுவரில் எழுத வேண்டும் என்பதெல்லாம் இப்படி நிலைபெற்றன.

2018இல் அங்கே நடந்த இன்னொரு கண்காட்சி கத்தோலிக்க சமயத்துக்கும் ஆடைக்கலைக்கும் உள்ள உறவைப் பற்றியது. 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். வத்திக்கான் தன் சிஸ்டைன் சிற்றாலயத்திலிருந்து சுமார் 40 திருவுடைகளையும் அணிகளையும் இரவல் கொடுத்தது. அவற்றை வடிவமைப்பாளர்களின் ஆடைகளோடு கலக்காமல் தனி அறையில் வைத்தார்கள். வழிபாட்டில் உடுத்தியதும் மேடையில் உடுத்தியதும் ஒன்றல்ல என்ற மரியாதை அது. அந்த அறையில் ஒன்பதாம் பயஸ் என்ற திருத்தந்தைக்கு ஆஸ்திரியப் பேரரசி அளித்த உடைத் தொகுதி இருந்தது. அதைச் செய்து முடிக்க 15 பெண்களுக்கு 16 ஆண்டு ஆயிற்று. திருத்தந்தையும் பேரரசியும் பெயரோடு நினைவில் நிற்கிறார்கள். அந்தப் பெண்கள் 15 என்ற எண்ணிக்கையாக நிற்கிறார்கள்.

கடவுளுக்காகச் செய்த ஆடையில் அதைச் செய்த கைக்கு இடம் உண்டா? பெயர் சொன்னால் பக்தி குறைந்துவிடுமா? நியூயார்க்கையும் ரோமையும் விட இந்தக் கேள்வியைத் திருச்சியில் வைத்துக் கேட்பது பொருத்தம். ஏனென்றால் இங்கே கடவுள் நாள் தவறாமல் உடுத்துகிறார்.

எட்டரை, கோப்பு, போசம்பட்டி பக்கத்துத் தோட்டங்களில் பறித்த மல்லியும் முல்லையும் சம்பங்கியும் காந்தி மார்க்கெட்டுக்கும் ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூச்சந்தைக்கும் வந்து சேர்கின்றன. உதிரிப்பூ கிலோக் கணக்கில் கைமாறுகிறது. பிறகு வாழைநாரில் ஏறி மாலையாகி, காவிரியின் இரு கரையிலும் உள்ள கோயில்களுக்குப் போகிறது. வாங்குபவர் பூக்கட்டியவரின் முகத்தைப் பார்க்கிறார், விலை பேசுகிறார், போய்விடுகிறார். பூவைத் தொடுத்த கைக்கும் பெருமாளின் தோளுக்கும் நடுவே அரை நாள் தூரம்தான். ஆனாலும் அந்தக் கை யாருடையது என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை.

விஷ்ணு அலங்காரப் பிரியர், சிவன் அபிஷேகப் பிரியர் என்று சொல்வார்கள். ஸ்ரீரங்கத்தில் அதைக் கண்ணால் பார்க்கலாம். பகல்பத்தின் கடைசி நாள் உற்சவர் நம்பெருமாள் மோகினி அலங்காரத்தில் எழுந்தருளுகிறார். மறுநாள் வைகுண்ட ஏகாதசி. அன்று ரத்னாங்கி சாத்திக்கொண்டு பரமபத வாசல் கடக்கிறார். அந்த நாட்களில் மூலவருக்கு முத்தங்கி. கார்த்திகையில் கைசிக ஏகாதசி இரவு, ஆண்டின் நாளுக்கு ஒன்றாக 365 வஸ்திரங்களைச் சாத்துகிறார்கள். முஸ்லிம் இளவரசி என்று கோயில் மரபு சொல்லும் துலுக்க நாச்சியாருக்காக நம்பெருமாள் கைலியும் உடுத்துகிறார். சித்திரைத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிக் களைந்த மாலை வந்து சேர்கிறது.

சாத்தியதைக் களைவதும் வழிபாட்டில் அடக்கம். களைந்த மாலையும் வஸ்திரமும் பிரசாதமாகி, பரிவட்டமாக ஒருவர் தலையில் ஏறுகின்றன. பெருமாள் உடுத்துக் களைந்ததையே தாங்கள் உடுப்பதாகப் பெரியாழ்வார் திருப்பல்லாண்டில் பெருமையோடு சொல்கிறார். மியூசியத்தில் இது நடக்காது. அங்கே பட்டு வெளுத்துவிடும் என்று விளக்கொளியைக்கூட 50 லக்ஸ் அளவுக்குக் குறைத்து வைக்கிறார்கள். கண்ணாடிக்குள் போன நாளோடு உடுத்துவது நின்றுவிடுகிறது. ஆனால் பெயர் தங்குகிறது. கோயிலில் உடுத்துவது தொடர்கிறது, பெயர் தங்குவதில்லை.

இதற்கு வைணவம் தரும் விளக்கம் ஆழமானது. இந்த உயிர் தனக்காக இருப்பது அல்ல, பெருமாளுக்காக இருப்பது. மாலை தொடுப்பதும் பட்டு நெய்வதும் கைங்கர்யம். அதில் வரும் மகிழ்ச்சிகூட அவனுக்கு உரியது. நான் செய்தேன் என்ற எண்ணம் இருக்கும்வரை கைங்கர்யம் நிறைவதில்லை. ராமானுஜர் வாழ்ந்த ஊரில் வளர்ந்த இந்தச் சிந்தனையை எளிதாகத் தள்ள முடியாது, தள்ளவும் கூடாது. புகழை முதலாக வைத்து நடக்கும் ஆடை உலகத்துக்கு இதில் கற்க நிறைய இருக்கிறது.

ஆனால் அதே ஸ்ரீரங்கத்தில் நந்தவனம் வைத்து, துளசியும் பூவும் தொடுத்துக் கொடுத்தவர் தொண்டரடிப்பொடியாழ்வார். தொண்டர்களின் அடியில் ஒட்டிய தூசு என்று தமக்குப் பெயர் வைத்துக்கொண்டவர், அதைவிடப் பணிவான பெயர் இருக்க முடியாது. அவர் திருப்பள்ளியெழுச்சியின் கடைசிப் பாசுரத்தில் அந்தப் பெயரைச் சொல்கிறார், தோளில் துலங்கும் பூக்கூடையையும் சேர்த்தே சொல்கிறார். பணிந்தவர் மறைந்துவிடவில்லை. செய்த வேலையோடும் கருவியோடும் தம்மைப் பதிவு செய்தார். கோயில் அதை மார்கழிக்கு மார்கழி ஓதுகிறது.

சைவமும் இப்படித்தான். சேக்கிழார் பாடிய 63 பேரில் நேச நாயனார் நெசவாளி, அடியார்களுக்கு உடையும் கீளும் கோவணமும் நெய்து கொடுத்தவர். திருக்குறிப்புத் தொண்டர் துணி வெளுத்தவர். அமர்நீதியார் துணி வணிகர், ஒரு கோவணத்துக்கு ஈடாகத் தன் செல்வமெல்லாம் போதாமல் மனைவி மகனோடு தானும் தராசில் ஏறியவர். நெய்பவர், விற்பவர், வெளுப்பவர் என்று துணியின் வாழ்க்கை முழுவதும் அங்கே பெயரோடு இருக்கிறது. பக்கத்தில் தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன், கோயிலில் ஆடிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்தான். தையற்காரருக்கும் பங்கு நெல் ஒதுக்கிய செய்தி அதே கல்வெட்டில் உண்டு. அதனால் பெருவுடையாரின் மகிமை குறைந்தது என்று யாரும் சொன்னதில்லை.

அப்படியானால் செய்தவர் பெயர் மறைய வேண்டும் என்பது மரபின் கட்டளை ஆகாது. இன்றைய கோயில்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். டியூப்லைட்டிலும் மின்விசிறியிலும் உண்டியல் பக்கத்துக் கிரில் கதவிலும் உபயதாரர் பெயர் இருக்கிறது. பட்டு வாங்கிச் சாத்தியவர் பெயர் அர்ச்சனையில் ஒலிக்கிறது. பணம் கொடுத்தவருக்குப் பெயர் உண்டு, உழைத்தவருக்குத்தான் இல்லை. இதைக் கைங்கர்யத் தத்துவம் என்று சொல்லக் கூடாது. ‘நான்’ என்பதை விடுவது செய்பவர் தாமே முடிவு செய்ய வேண்டியது. பிறர் அவரிடமிருந்து பெயரைப் பறித்துக்கொண்டு அதற்குப் பணிவு என்று பெயரிடுவது அநியாயம்.

காந்தி மார்க்கெட்டிலிருந்து எட்டிவிடும் தொலைவில் உறையூர் இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளஸ் என்ற கிரேக்கக் கடல்வழி நூல் அர்காரு என்ற ஊரின் மெல்லிய பருத்தித் துணியைக் குறிப்பிடுகிறது. அந்த ஊர் உறையூர்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1960களில் சென்னைப் பல்கலைக்கழகம் இங்கே அகழ்ந்தபோது சாயத்தொட்டி என்று கருதப்படும் செங்கல் தொட்டி ஒன்று கிடைத்தது. கடவுளின் திருவடியில் தொடங்கி, அடுத்து அவன் உடுத்த செவ்வாடையில் கண் நிலைத்துப் பாடிய திருப்பாணாழ்வார் பிறந்ததும் உறையூர். இப்படிப்பட்ட ஊரில் இன்று தறிகள் குறைந்துவிட்டன. பாவு பிடிக்கத் தெரிந்த கைகளுக்கு வயதாகிவிட்டது, கூலி கட்டுப்படியாகாமல் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பெயர் தெரியாத ஒருவர் தொழிலை விட்டால் ஊருக்கு அது தெரிவதே இல்லை.

மார்க்கெட் தன் பெயரில் தாங்கியிருக்கும் மனிதர் இந்த விஷயத்தில் தெளிவாக இருந்தார். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் மேலாடையைக் களைந்து அரையாடைக்கு மாறியவர், துணியை உடுத்துபவர் நூற்கவும் வேண்டும் என்று கேட்டார். 1948 ஜனவரி 30 அன்று சுடப்பட்டபோது அவர் அணிந்திருந்த, ரத்தக்கறை படிந்த ஆடை மதுரை காந்தி நினைவு மியூசியத்தில் இருக்கிறது. அதன் முன் நிற்பவர்கள் தாமாகக் கைகூப்புகிறார்கள். மியூசியத்துக்குள்ளும் வழிபாடு நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. கோயிலுக்குள்ளும் பெயர்ப்பலகை இருக்கலாம் என்று அதே நியாயத்தில் சொல்லலாம்.

இது முடியாத காரியம் அல்ல. கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் சேலையோடு, அதை நெய்தவரின் படமும் பெயரும் அச்சிட்ட அட்டையை வைத்து விற்றதுண்டு. ஸ்ரீரங்கத்தில் பெருமாளுக்கும் தாயாருக்கும் வஸ்திரம் சமர்ப்பிக்கும் உபயதாரர்கள் கடைக்காரரிடம் அந்த அட்டையைக் கேட்டு வாங்கட்டும். அர்ச்சனையில் தம் பெயரும் நட்சத்திரமும் சொல்லும்போது நெய்தவர் பெயரையும் சேர்த்துச் சொல்லட்டும். தந்தத்திலும் உலோகத்திலும் செய்த அரும்பொருள்களைக் காட்டும் கோயில் மியூசியம், பழைய வஸ்திரங்களுக்கும் ஒரு அலமாரி ஒதுக்கி, தெரிந்தவரைக்கும் நெய்த ஊரையும் நெய்தவரையும் எழுதி வைக்கட்டும். அடுத்த முறை வஸ்திரம் வாங்கப் போகிறவர்கள் விலை கேட்கும் முன் இதைக் கேளுங்கள்: இதை நெய்தது யார்?